கூசும் காதுகளுக்கென்றே ஒரு பாட்டு

சத்தத்துக்குக் கூசுகிற உடம்பு சிலருக்கு உண்டு. தட்டில் கரண்டி உரசினால் பல் கூசும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் நெஞ்சு ஒருமுறை எகிறிக் குதிக்கும். நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்துவிட்டாலோ தோளிலிருந்து மணிக்கட்டு வரை மயிர் சிலிர்த்து நிற்கும், காரணமே சொல்லாமல் கண் நிறையும். நான் அந்த ரகம். எங்களுக்கெல்லாம் ராக் இசை ஆகாது, தலைவலிதான் மிச்சம் என்று பார்ப்பவரெல்லாம் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். 1975-ல் இங்கிலாந்தின் குவீன் குழு வெளியிட்ட ‘பொஹீமியன் ராப்சடி’ எங்களுக்கென்றே செய்த பாட்டு. 5 நிமிடம் 55 வினாடி. இதற்கு மேல் ஒரு இன்பத்தை என் காது இதுவரை கண்டதில்லை.

திண்டுக்கல்லில் இந்தக் காதோடு வளர்ந்தவன் நான். எங்கள் தெருவிலேயே பூட்டுப் பட்டறை இருந்தது. இரும்பை அரத்தால் ராவும் சத்தம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. சோறு மெல்லும்போதுகூடப் பல்லுக்குள் அது கேட்கும். மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் வேட்டு, குழாய் ஒலிபெருக்கி, நையாண்டி மேளம், உறுமி எல்லாம் ஒன்றாக வந்துவிடும். அம்மா என் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டுதான் வேடிக்கை காட்டுவார். ஆனால் எனக்கு அப்போதே ஒரு பேதம் தெரிந்திருந்தது. வேட்டுச் சத்தத்துக்கு அம்மாவின் கையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். உறுமி வரும்போது அந்த விரல்களை விலக்கிவிடுவேன். வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பும் அந்த முனகல் அடிவயிற்றில் இறங்கிப் புரளும். பயமாகவும் இருக்கும், போதாமலும் இருக்கும்.

இதற்கு உடம்பிலேயே ஒரு விளக்கம் இருப்பதைப் பிற்பாடு படித்தேன். நடுக்காதில் அங்கவடி என்ற குட்டி எலும்பு இருக்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் தசைதான் மனித உடம்பின் எலும்புத் தசைகளிலேயே மிகச் சிறியது. பெருஞ்சத்தம் வந்தால் அது சுருங்கி எலும்பை இழுத்துப் பிடித்து உள்காதைக் கொஞ்சம் காக்கும். ஆனால் வேட்டு வெடிக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. அது சுருங்குவதற்குள் வேட்டு வெடித்து முடிந்திருக்கும். உறுமியும் தவிலும் அப்படி வருவதில்லை. தெருமுனையிலேயே அறிவித்துவிட்டு, ஏறி ஏறி வரும். எங்கள் காதுக்குப் பகை பெருஞ்சத்தம் இல்லை, சொல்லாமல் வந்து அறைகிற சத்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலப் பாட்டுக்குள் வாருங்கள்.

எனக்கு அதை அறிமுகம் செய்தவர் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசித்த ஓர் அண்ணன். நான்கு குரலில் பிரித்துப் பாடும் பாட்டுகளை ஞாயிறுதோறும் நடத்தியவர்; குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில் அவருக்குத் தீராத மோகம். ஒரு மத்தியானம் அவர் வீட்டில் பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டி, “கண்ண மூடிக்கோ தம்பி. நடுவுல என்ன வந்தாலும் கழட்டிராத. அது உன்ன எங்கயும் விட்டுட்டுப் போகாது” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் கருவி எதுவும் இல்லை. வெறும் குரல்கள். ஒரு கூட்டமே நின்று பாடுகிறது என்று நினைப்பீர்கள். காணொளியிலும் நான்கு முகங்கள் தெரியும். உண்மையில் ஒலிப்பதிவில் அந்தத் தொடக்கக் குரல்கள் அத்தனையும் ஒரே ஆள், ஃப்ரெடி மெர்குரி. தன் குரலின்மேல் தன் குரலையே அடுக்கியிருக்கிறார். முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே அந்தக் குரல் இடக்காதுக்கு ஒருமுறை, வலக்காதுக்கு ஒருமுறை என்று தாவும். கழுத்துக்குப் பின்னால் யாரோ மெதுவாக நடந்து போனது மாதிரி ஒரு குறுகுறுப்பு. எனக்கு முதல் சிலிர்ப்பு அங்கேயே வந்துவிடும். இன்றும் வருகிறது.

எங்கள் அப்பத்தாவுக்கு இதை ஒருநாள் போட்டுக் காட்டினேன். ஊரில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் குரல் கொடுப்பவர் அவர். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஒரே ஆளுதான்டா இத்தன பேரா அழுகுறான். ஆத்தாளக் கூப்பிட்டுல்ல அழுகுறான்” என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டின் கதையே அதுதான். ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்ட பையன் தன் தாயிடம் வந்து சொல்லி அழுகிறான். ஒலிப்பதிவுக்கூட ரகசியத்தையும் கதையையும் ஒப்பாரி பழகிய காது ஒரே வீச்சில் பிடித்துவிட்டது! கூர்ந்த காதுக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நமக்கு ஒன்றும் அந்நியர் இல்லை. 1946-ல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்த பரூக் புல்சாராதான் ஃப்ரெடி மெர்குரி. எட்டு வயதுவாக்கில் இந்தியாவுக்கு அனுப்பிவைக்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் மலையூரான பஞ்சகனியில் புனித பீட்டர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தார். பியானோ கற்றதும் அங்கே, ‘ஹெக்டிக்ஸ்’ என்று பள்ளிக்கூடப் பையன்களோடு முதல் இசைக்குழு கட்டியதும் அங்கே. நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்குப் பக்கத்தில் விரல் பழகிய பிள்ளை. கொடைக்கானல் மலையை மேற்கே பார்த்துக்கொண்டு வளர்ந்த எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

குரல்கள் அடங்கியதும் பியானோ. கை மாற்றிக் கை தாண்டி வாசிக்கும் ஒரு சின்னச் சுழற்சி, திரும்பத் திரும்ப. அதன்மேல் ஒற்றைக் குரல். இங்கே சத்தம் மிகக் குறைவு. மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். இரண்டாம் சரணத்தில் ஓர் இடம் இருக்கிறது. முதுகுத்தண்டில் நடுக்கம் ஓடுவதாக அவர் பாடுவார். பாடி முடித்த கணமே கிதார்க்காரர் பிரையன் மே தன் கிதாரின் பாலத்துக்கு அந்தப்பக்கம், யாரும் வாசிக்காத மிச்சக் கம்பியைச் சுரண்டுவார். உடைந்த கண்ணாடி மணிகள் சிலிர்ப்பதாக ஒரு சத்தம், ஒரு வினாடிகூட இருக்காது. சொல்லில் வந்த நடுக்கம் கம்பிக்கு வந்து, கம்பியிலிருந்து என் முதுகுக்கு வந்துவிடும். சாதாரணமாகக் கேட்பவர்கள் பலர் இதைக் கவனித்ததே இல்லை என்கிறார்கள். நாம் தவறவே விட மாட்டோம். கூசும் காதுக்குக் கிடைக்கும் கூலி அது!

அந்தக் கிதாரைப் பற்றிச் சொல்லாமல் திண்டுக்கல்காரன் ஒருவன் மேலே போக முடியாது. அது கடையில் வாங்கியதில்லை. 1963-ல், பள்ளிப் பையனாக இருந்த மே, தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் கையால் செய்யத் தொடங்கியது. கழுத்துக்கட்டை, நூறு வருடத்துக்கு மேல் பழசான ஒரு கணப்படுப்பின் மரச்சட்டம். அதிர்வுக்கம்பிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். விரல் இடம் காட்டும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மீட்டுவதற்கு பிளாஸ்டிக் துண்டு இல்லை, ஆறு பென்னி நாணயம். அதன் ஓரத்து வரிகள் கம்பியில் உரசுவதால்தான் அந்த ஒலியில் லேசான சொரசொரப்பு. ‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்து, உலக மேடைகளில் பெரும்பாலும் அதையே வாசித்தார். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவி, நெம்புகோலை ஒவ்வொன்றாகப் பொருத்தி, சாவி திரும்புகிற சத்தத்தை வைத்தே சரி பார்ப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது அந்தக் கைவேலைதான். சின்ன வயதில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட அரத்தின் சத்தத்துக்கும் இந்தக் கிதாருக்கும் ஓர் உறவு இருக்கிறது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. உரசுகிற கைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ரெட் ஸ்பெஷலைக் கேட்ட பிறகு பட்டறைச் சத்தம் என்னை முன்போல வதைப்பதில்லை. பாட்டின் நடுவில் அந்தக் கிதார் தனியாகப் பாடும் இருபத்தைந்து வினாடிக்கு, அத்தனை குரல் அடுக்குகளுக்கு நடுவே, ஒரே ஒரு தடம்தான் பதிந்திருக்கிறார்கள். எதையும் சேர்க்காத தனிக் குரல். அழுகை முடிந்து மூக்கை உறிஞ்சும் நேரம் அது.

பிறகு எல்லாம் சட்டென நிற்கும். பியானோ மட்டும் டக், டக் என்று தட்டும். இங்கேதான் அந்த அதிசயம் ஆரம்பமாகிறது.

ஆப்பெரா, அதாவது மேற்கத்திய இசைநாடகப் பாணியிலான பகுதி என்பார்கள் இதை. இருப்பது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக மூன்று வாரம் உழைத்திருக்கிறார்கள். வேல்ஸில் பால் பண்ணையாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாறிய ராக்ஃபீல்டில் 1975 ஆகஸ்டு மாதக் கடைசியில் வேலையைத் தொடங்கினார்கள். மெர்குரி நடுக்குரல், மே கீழ்க்குரல், தாளக்காரர் ரோஜர் டெய்லர் மேல்குரல். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பாடிப் பாடி அடுக்கினார்கள். இருந்தது 24 தட நாடா; அதில் சுமார் 180 அடுக்குகள் வரை ஏற்ற வேண்டியிருந்தது. பல தடங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, மறுபடி அதன்மேல் பதிந்து, அதையும் ஒன்றாக்கி என்று ஓட்டியதில் நாடாவின் மேல்பூச்சே தேய்ந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரிந்ததாம். எனக்கு இந்த ஒரு செய்தி போதும். மூன்று மனிதக் குரல்கள் ஒரு நாடாவை ஒளி புகும்வரை தேய்த்திருக்கின்றன.

கேட்கும்போது என்ன நடக்கிறது? உச்சக்குரல் ஒன்று ஒரு காதில் ஒரு பெயரைக் கூவும். கீழ்க்குரல் மறு காதில் அதே பெயரைத் திருப்பிச் சொல்லும். மறுபடி உச்சம். மறுபடி கீழ். பையனை விட்டுவிடு என்று ஒரு கூட்டம் இந்தப்பக்கம் கெஞ்சுகிறது. விட மாட்டோம் என்று இன்னொரு கூட்டம் அந்தப்பக்கம் மிரட்டுகிறது. நடுவில் நிற்பது யார்? கேட்கிற நான்தான். என் மண்டைக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து கூடிவிட்டது. கண்ணை மூடியிருந்தால் குரல்களுக்கு இடம் இருக்கிறது, தூரம் இருக்கிறது, உயரம்கூட இருக்கிறது. கன்னத்தில் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் இன்னொரு பக்கம் குளிர்ச்சியாகவும் எனக்குத் தோன்றும். ஒலியைத் தோலால் கேட்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இது எங்களுடைய மிகையான கற்பனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. 2011-ல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாட்டுக் கேட்டுச் சிலிர்ப்படைகிறவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். உச்சம் வரும் கணத்தில் டோபமைன் என்ற இன்பச் சுரப்பு பெருகியது. அதைவிட அருமை இன்னொன்று: உச்சம் வருவதற்குச் சில வினாடிகள் முன்பே, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. அதாவது காத்திருப்பதே பாதி விருந்து. பொஹீமியன் ராப்சடி முழுவதும் இந்தக் காத்திருப்பால் கட்டிய பாட்டு. ஆப்பெராவின் கடைசிச் சொல்லை மூன்று குரல்களும் ஏற்றி ஏற்றிக் கொண்டுபோக, அதற்கும் மேலே ரோஜர் டெய்லரின் குரல் ஒரு கம்பி முனையாக ஏறி நிற்கும். விழப்போகிறது, விழப்போகிறது என்று உடம்பு முழுக்கத் தெரியும். கை தானாக நாற்காலியைப் பிடிக்கும். நான்காவது நிமிடம் தாண்டியதும் விழும்.

அந்தக் கிதார்! மெர்குரியே அமைத்த அந்த முரட்டு வரியைத் தாளமும் கிதாரும் சேர்ந்து இறக்கும் இடத்தில்தான், நாங்கள் தாங்க மாட்டோம் என்று மற்றவர்கள் நினைக்கிற முழுச் சத்தமும் இருக்கிறது. நாங்கள் தாங்குகிறோம். தாங்குவது என்ன, அதில் குளிக்கிறோம். ஏனென்றால் நான்கு நிமிடமாக அந்தப் பாட்டு எங்களைக் கைபிடித்துக் கூட்டிவந்திருக்கிறது. தனிக்குரல், பியானோ, ஒற்றைக் கிதார், குரல் கூட்டம் என்று ஒவ்வொரு படியையும் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது. அதுவரை அழுதவன் இப்போது கோபப்படுகிறான். அழுகை அளவுக்கு அவன் கோபமும் நியாயம் என்று என் விலா எலும்புகள் ஒப்புக்கொள்கின்றன.

இந்தப் பகுதியை வீட்டுக்குள் கேட்பதைவிடச் சமவெளியில் கேட்பது எனக்குப் பிடிக்கும். ஆடி மாதம், செம்பட்டி தாண்டி வத்தலக்குண்டு போகிற சாலை. மழை இல்லாமல் வெறும் காற்று மட்டும் தென்னந்தோப்புகளை ஒருபக்கமாக வளைத்துக்கொண்டிருக்கும். வண்டியை நண்பர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில். பாட்டைப் போட்டால் ஆறு கிலோமீட்டரில் முடிந்துவிடும். கிதார் இறங்குகிற இடத்தில் பழனி மலைத்தொடர் முழுசாக முன்னால் எழுந்து நிற்கும்படி ஒருமுறை அமைந்துவிட்டது. வாய்விட்டு அலறினேன். ஓட்டியவர் பயந்து வண்டியை ஓரம் கட்டினார். அவரையும் மறுபடி முதலிலிருந்து கேட்கவைத்தேன்.

தமிழில் இந்த வேலையை முழுமையாகச் செய்த பாட்டு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘தளபதி’யில் வரும் ‘ராக்கம்மா கையத் தட்டு’. இளையராஜா இசை, எஸ்.பி.பாலசுப்ரமணியம், ஸ்வர்ணலதா குரல். பி.பி.சி. உலகச் சேவை 2002-ல் நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாட்டுகளில் 4-ஆம் இடம் பிடித்தது. வயலின்களின் அந்தப் பாய்ச்சலும் அடியும் உச்சத்தில் இருக்கும்போது, சத்தத்தையெல்லாம் வடித்துவிட்டு அப்பரின் தேவாரத்தைப் பெண் குரல்களில் உள்ளே விடுவார் ராஜா. மெர்குரி அழுகையிலிருந்து ஆவேசத்துக்குப் போனார் என்றால் ராஜா ஆவேசத்திலிருந்து கோயிலுக்குப் போனார். இரண்டிலும் திருப்பம் வருகிற கணத்தில் என் தோல் ஒரே மாதிரிதான் எழுந்து நிற்கிறது. ‘தளபதி’ தீபாவளிக்கு வெளிவந்தது 1991 நவம்பர் 5. அதே மாதம் 24-ஆம் தேதி லண்டனில் ஃப்ரெடி மெர்குரி இறந்தார். அந்த டிசம்பரில் பொஹீமியன் ராப்சடி பிரிட்டனில் இரண்டாம் முறையாக முதலிடத்துக்கு வந்தது. முதல்முறை வந்தபோது ஒன்பது வாரம் இருந்தது, இந்த முறை ஐந்து வாரம்.

ஆவேசம் தணிந்த பிறகு பியானோ திரும்பிவரும். குரல் இறங்கி இறங்கி, காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன என்ற நிலைக்கு வந்து நிற்கும். கடைசியில் ரோஜர் டெய்லர் ஒரு பெரிய சேகண்டியை ஒரே ஒருமுறை மெல்லத் தட்டுவார். சாதாரண ஒலிபெருக்கியில் அது காதில் விழவே விழாது. நல்ல ஹெட்போனில் அந்த ஒலி விரிந்து அடங்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

குவீன் குழுவே ஆப்பெரா பகுதியை மேடையில் பாடிக்காட்டியதில்லை. அந்த இடம் வந்ததும் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். நாடா ஓடும், விளக்குகள் சுழலும், கிதார் இறங்குகிற கணத்தில் நால்வரும் திரும்பி வருவார்கள். 1985-ல் வெம்பிளியின் லைவ் எய்டு மேடையில்கூடப் பியானோவும் குரலுமான முன்பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே இந்தப் பாட்டின் முழு உருவம் இருக்கிற இடம் ஒலிப்பதிவு மட்டுமே. அரங்கின் முன்வரிசைக்காரருக்குக் கிடைக்காதது திண்டுக்கல் மொட்டை மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கிறது.

உங்களுக்கும் கூசும் காது என்றால் இப்படிக் கேளுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம்; இடம் வலம் கலந்து பாதி உயிர் போய்விடும். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன் போதும், விலை முக்கியமில்லை. இடது வலது மாற்றி மாட்டாதீர்கள். ஒலி அளவைத் தொடக்கத்து மெல்லிய குரலுக்கு ஏற்ப வைக்காதீர்கள். முதலில் நான்காவது நிமிடத்துக்கு ஓட்டி, அந்தக் கிதார் உங்களுக்கு இதமாக இருக்கிற அளவில் நிறுத்திவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய இடங்கள் இன்னும் மெல்லியதாகக் கேட்கும். கேட்கட்டும், நம் காதுக்கு அது போதும். இரவில், மின்விசிறியை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுவில் என்ன வந்தாலும் கழற்ற வேண்டாம்.